வெப் டெவலப்மென்ட் கற்கும்போது சிக்கிக்கொண்டால்: அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் வழிமுறை

வேலை விளம்பரத்தில் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், டைப்ஸ்கிரிப்ட், ரியாக்ட், நெக்ஸ்ட் ஜேஎஸ், டெயில்விண்ட், நோட், எக்ஸ்பிரஸ், மாங்கோடிபி, கிட், டாக்கர் என்று ஒரே மூச்சில் பன்னிரண்டு பெயர் வரும். பாலக்கோட்டிலோ பர்கூரிலோ இருந்துகொண்டு, ஓசூரிலோ பெங்களூரிலோ வேலை என்ற கணக்கோடு படிக்கிறவருக்கு அதைப் பார்த்ததுமே மலைப்பு வரும். 1995-இல் ஜாவாஸ்கிரிப்ட் வந்தபோது ஒரு பக்கத்துக்கு ஒரு ஃபைல் போதுமாக இருந்தது. 2009-இல் நோட் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவது), 2010-இல் என்பிஎம் (பிறர் எழுதிய பேக்கேஜ்களை இறக்கித் தருவது), 2013-இல் ரியாக்ட் (தகவல் மாறும்போது பக்கத்தைத் தானே புதுப்பிப்பது), 2020-இல் வீட் (புராஜெக்ட்டை உருவாக்கி ஓட்டுவது) என ஒவ்வொன்றும் முன்பிருந்த ஏதோ ஒரு தொல்லையைத் தீர்க்கத்தான் வந்தது. அந்தத் தொல்லையை அனுபவிக்காமல் தீர்வை மட்டும் படிப்பதால் எல்லாம் ஒரே குவியலாகத் தெரிகிறது.

இந்தக் குறிப்பை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் அறிகுறி எதுவோ அங்கே போங்கள். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். கட்டளை அடிக்கும் திரையான டெர்மினலில் ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும்; 'அட்' என்பது @ குறி, 'ஹைஃபன்' என்பது - குறி.

முதலில்: சிவப்பு எழுத்து எங்கே தெரிகிறது?

எந்த எரர் வந்தாலும் கூகுளில் தேடும் முன் இதைப் பாருங்கள். டெர்மினலில், சர்வர் எழும்பும் முன்பே சிவப்பு வந்தால் நோட் அல்லது என்பிஎம் பிரச்சினை. சர்வர் எழும்பி, பிரவுசர் பக்கத்தின் மேலேயே கறுப்புப் பலகையில் எரர் வந்தால் கோட் எழுதியதில் பிழை. ஃபைல் பெயரும் வரி எண்ணும் அங்கேயே இருக்கும். பக்கம் திறக்கிறது, ஆனால் எதுவும் நடக்கவில்லை என்றால் எஃப்12 அழுத்தி கன்சோலைப் பாருங்கள். கன்சோலும் சுத்தம், தகவல் மட்டும் வரவில்லை என்றால் பக்கத்திலுள்ள நெட்வொர்க் டேபில் எண்ணைப் பாருங்கள்: 404 என்றால் முகவரி தப்பு, 500 என்றால் சர்வருக்குள் வெடித்திருக்கிறது, 401 என்றால் நீங்கள் யார் என்பது சர்வருக்குத் தெரியவில்லை.

நூறு வரி சிவப்பாக ஓடினாலும் மேலே உள்ள முதல் எரர் வரிதான் காரணம். மற்றவை பெரும்பாலும் அதன் விளைவு. கடைசி வரியைக் காப்பி செய்து தேடுவதால்தான் சம்பந்தமில்லாத பதில்கள் வந்து குழப்புகின்றன.

அறிகுறி: எதில் தொடங்குவது என்றே தெரியவில்லை

ஒரு பரீட்சை வைத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி மாங்காய் மண்டி ஒன்றுக்கு விலைப்பலகை. மூன்றே ஃபைல்: ஒரு எச்டிஎம்எல், ஒரு சிஎஸ்எஸ், ஒரு ஜாவாஸ்கிரிப்ட். நோட் வேண்டாம், ரியாக்ட் வேண்டாம். பெங்களூரா, செந்தூரா, நீலம், அல்போன்சா, மல்கோவா என்று ஐந்து ரகம் அட்டவணையில் இருக்க வேண்டும். மேலே ஒரு தேடல் பெட்டி; இரண்டு எழுத்து அடித்ததும் பட்டியல் சுருங்க வேண்டும். ஒவ்வொரு ரகத்துக்கும் எடையைக் கிலோவில் போட்டால் தொகை வர வேண்டும், அடியில் மொத்தம் கூட வேண்டும். ரிஃப்ரெஷ் செய்தாலும் போட்ட எடை அழியக்கூடாது. அதற்கு பிரவுசருக்குள்ளேயே சேமித்து வைக்கும் லோக்கல் ஸ்டோரேஜ். போனில் திறந்தால் பக்கவாட்டில் தள்ளாமல் படிக்க முடிய வேண்டும்.

வீடியோ பார்க்காமல் இதை முடிக்க முடிந்தால் ரியாக்ட்டுக்குப் போகலாம். முடியவில்லை என்றால் எந்தக் கோர்ஸும் உதவாது; இங்கேயே நில்லுங்கள். தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் எட்டிலிருந்து பத்து வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைச் செய்யும்போது மொத்தத் தொகையைத் திருப்பித் திருப்பிக் கையால் புதுப்பிக்க வேண்டியிருக்கும். ஓரிடத்தில் மறந்தால் கணக்கு தப்பும். அந்த எரிச்சல் வந்த நாளில் ரியாக்ட் படியுங்கள். அரை நாளில் அது எதற்கென்று புரிந்துவிடும். எடை என்ற இடத்தில் எண்ணுக்குப் பதில் எழுத்து வந்து, 5-உம் 3-உம் கூடி 53 ஆனதைப் பார்த்தவருக்கு டைப்ஸ்கிரிப்ட் ஏன் என்று யாரும் விளக்க வேண்டாம். டாக்கரும் நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸும் இந்த வருடம் தேவையே படாமல் போகலாம்.

கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மட்டும் விதிவிலக்கு. அதை முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். ஆட், கமிட், புஷ் மூன்றும் போதும்.

அறிகுறி: வீடியோவில் ஓடுகிறது, எனக்கு மட்டும் ஓடவில்லை

கற்றுக்கொள்பவர்கள் அதிகம் மனம் உடைவது இங்கேதான். பெரும்பாலும் உங்கள் மேல் தப்பே இருக்காது, வீடியோ பழையது. சொன்னதை எழுத்து பிசகாமல் செய்தாலும் ஓடாது, ஏனென்றால் பதிப்பு எண் சொல்லாவிட்டால் என்பிஎம் இன்றைய பதிப்பைத்தான் இறக்கும்.

அடிக்கடி மாட்டும் நான்கு இடங்கள் இவை. முதலாவது, 'கிரியேட் ரியாக்ட் ஆப்'. 2025 பிப்ரவரியில் ரியாக்ட் குழுவே இதைக் கைவிட்டுவிட்டது. அதற்குப் பதில் 'என்பிஎம் கிரியேட் வீட் அட் லேட்டஸ்ட்' என்று அடித்து, கேட்கும்போது ரியாக்ட்டைத் தேர்ந்தெடுங்கள். (வீட் என்றால் பிரெஞ்சில் விரைவு என்று பொருள், வைட் என்று சொல்பவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.) வீட் 7-க்கு நோட் 20.19 அல்லது 22.12-க்கு மேல் வேண்டும். 'நோட் ஹைஃபன் வி' அடித்துப் பாருங்கள். 16, 18 என்று காட்டினால் நோட்டின் எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு உள்ள) பதிப்பை மறுபடி இன்ஸ்டால் செய்த பிறகே மற்ற வேலை.

இரண்டாவது, டெயில்விண்ட். பழைய வீடியோ 'என்பிஎக்ஸ் டெயில்விண்ட் சிஎஸ்எஸ் இனிட் ஹைஃபன் பி' என்று அடிக்கச் சொல்லும். உங்களுக்கு 'குட் நாட் டிட்டர்மின் எக்ஸிக்யூட்டபிள் டு ரன்' என்று வரும். 2025 ஜனவரியில் வந்த நான்காம் பதிப்பில் அந்தக் கட்டளையே இல்லை. வீட் கருவிக்கான டெயில்விண்ட் பிளகினைச் சேர்த்து, வீட் கான்ஃபிக் ஃபைலில் அதைக் குறிப்பிட்டு, சிஎஸ்எஸ் ஃபைலின் முதல் வரியில் டெயில்விண்டை இம்போர்ட் செய்தால் போதும். பழைய வீடியோவையே பின்பற்றுவதென்றால் இன்ஸ்டால் செய்யும்போது பெயருக்குப் பின் 'அட் 3' போடுங்கள். மூன்றாம் பதிப்பு இறங்கும், வீடியோவில் உள்ளபடியே நடக்கும்.

மூன்றாவது, 'ரியாக்ட்டாம் டாட் ரெண்டர்'. ரியாக்ட் 18 வந்த 2022-இலேயே இதற்கு மாற்றாக 'கிரியேட் ரூட்' வந்துவிட்டது; 2024 டிசம்பரில் வந்த 19-இல் பழையதை நீக்கியே விட்டார்கள். நான்காவது, ரியாக்ட் ரௌட்டரில் 'ஸ்விட்ச்'. ஆறாம் பதிப்பிலிருந்து அது 'ரௌட்ஸ்'.

ஆகவே வீடியோவைத் தொடங்கும் முன் பதிவேற்றிய தேதியைப் பாருங்கள். அவருடைய கோட் கிட்ஹப்பில் இருந்தால் பேக்கேஜ் ஜேசன் ஃபைலைத் திறந்து பதிப்பு எண்களைக் குறித்துக்கொண்டு, அதே எண்களோடு இன்ஸ்டால் செய்யுங்கள். இந்த இரண்டு நிமிடம் உங்கள் இரண்டு நாளைக் காப்பாற்றும்.

அறிகுறி: என்பிஎம் என்று அடித்தாலே 'ரன்னிங் ஸ்கிரிப்ட்ஸ் இஸ் டிஸேபிள்ட்'

விண்டோஸின் பவர்ஷெல் ஸ்கிரிப்ட்களைத் தடுத்து வைத்திருக்கிறது, நோட் கெட்டுப்போகவில்லை. விஎஸ் கோட் டெர்மினலில் கூட்டல் குறிக்குப் பக்கத்து அம்பைத் தொட்டு கமாண்ட் பிராம்ப்ட்டைத் தேர்ந்தெடுத்தால் உடனே ஓடும். நிரந்தரமாகச் சரிசெய்ய பவர்ஷெல்லில் 'செட் ஹைஃபன் எக்ஸிக்யூஷன்பாலிசி ஹைஃபன் ஸ்கோப் கரண்ட்யூசர் ரிமோட்சைன்ட்' என்று ஒருமுறை அடியுங்கள். கல்லூரி லேபில் அட்மின் பூட்டியிருந்தால் இரண்டாவது வழி நடக்காது, முதல் வழி நடக்கும்.

'ஈநோஎன்ட்' என்று தொடங்கி பேக்கேஜ் ஜேசனைக் காணோம் என்றால் தப்பான ஃபோல்டரில் நிற்கிறீர்கள். ஜிப்பை விரித்தால் ஃபோல்டருக்குள் அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர் வரும். உள்ளே உள்ளதைத் திறங்கள்.

அறிகுறி: இன்ஸ்டால் பாதியில் நின்றுவிடுகிறது

பென்னாகரம், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மலையோர ஊர்களில் போன் ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்பவர்களுக்கு 'ஈகான்ரீசெட்', 'ஈடைம்டவுட்' பழகிய பெயர்களாக இருக்கும். என்பிஎம் ஒரே நேரத்தில் 15 இணைப்பு வரை திறக்கிறது. சிக்னல் விட்டு விட்டு வந்தால் ஒன்று அறுந்தாலும் போச்சு. 'என்பிஎம் கான்ஃபிக் செட் மேக்ஸ்சாக்கெட்ஸ் 3' என்று இணைப்பைக் குறையுங்கள். 'என்பிஎம் கான்ஃபிக் செட் ஃபெட்ச் ஹைஃபன் ரீட்ரைஸ் 5' என்று முயற்சியைக் கூட்டுங்கள். நீங்கள் மாற்றாவிட்டால் அது 2.

பிறகு அதே இன்ஸ்டால் கட்டளையை மறுபடி கொடுங்கள். முழுதாக இறங்கிய பேக்கேஜ்கள் கேஷில் (என்பிஎம் உங்கள் கணினியில் வைத்திருக்கும் சேமிப்பில்) இருக்கும், திரும்ப இறங்காது. கேஷை 'க்ளீன்' செய்யச் சொல்லும் அறிவுரையை இந்த நேரத்தில் கேட்காதீர்கள். இறக்கிய டேட்டா அத்தனையும் வீணாகி முதலிலிருந்து தொடங்கும்.

நண்பருக்கு பென்டிரைவில் புராஜெக்ட் கொடுக்கும்போது நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை விட்டுவிடுங்கள். பல ஆயிரம் குட்டி ஃபைல் என்பதால் காப்பி ஆகவே நெடுநேரம் பிடிக்கும். பேக்கேஜ் லாக் ஃபைலை மட்டும் மறக்காமல் கொடுங்கள்; அவர் 'என்பிஎம் சிஐ' அடித்தால் உங்களிடம் இருந்த அதே பதிப்புகள் வரும். புராஜெக்ட்டை டெஸ்க்டாப்பிலும் வைக்க வேண்டாம். பல லேப்டாப்பில் அது ஒன்டிரைவோடு ஒட்டியிருக்கும். ஒன்டிரைவ் அந்த ஃபைல்களை மேலே ஏற்றப் பார்த்து, என்பிஎம்மோடு மோதி 'ஈபெர்ம்' வரும். சி டிரைவிலேயே ஒரு ஃபோல்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

'ஈரிசால்வ்' என்றால் கதை வேறு. நெட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒரு பேக்கேஜ் ரியாக்ட் 18 கேட்கிறது, உங்களிடம் 19 இருக்கிறது என்பது போன்ற முரண். அந்தப் பேக்கேஜுக்குப் புதிய பதிப்பு உண்டா என்று பாருங்கள். 'லெகசி பியர் டெப்ஸ்' போட்டுத் தாண்டலாம்தான், ஆனால் அந்த முரண் அப்படியே இருக்கும்.

அறிகுறி: பக்கம் முழுக்க வெள்ளை

ரியாக்ட் 16-இலிருந்து, வரையும்போது பிடிக்கப்படாத எரர் ஒன்று வந்தால் ரியாக்ட் மொத்தப் பக்கத்தையும் கழற்றிவிடும். ஒரு மூலையில் பிழை இருந்தாலும் பக்கமே வெள்ளையாவது அதனால்தான். கன்சோலைத் திறங்கள்.

'கேனாட் ரீட் ப்ராப்பர்ட்டீஸ் ஆஃப் அன்டிஃபைன்ட், ரீடிங் மேப்' என்று இருந்தால் நடந்தது இது. விலைப்பட்டியலை சர்வரிலிருந்து கேட்டீர்கள். பதில் வர அரை வினாடி ஆகும். ரியாக்ட் காத்திருக்காது, உடனே ஒருமுறை வரைந்துவிடும். அந்த முதல் வரைவின்போது உங்கள் மாறியில் ஒன்றுமே இல்லை. யூஸ்ஸ்டேட்டின் அடைப்புக்குள் வெறுமையாக விட்டிருப்பீர்கள். இல்லாத பட்டியலில் மேப் ஓட்டினால் உடையும். யூஸ்ஸ்டேட்டுக்குள் காலிப் பட்டியலை, அதாவது சதுர அடைப்புக்குறி இரண்டையும், தொடக்க மதிப்பாகக் கொடுங்கள்.

'மேப் இஸ் நாட் எ ஃபங்ஷன்' என்று வந்தால் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் காரணம் வேறு. தகவல் வந்துவிட்டது, ஆனால் அது பட்டியலாக இல்லை. சர்வர் ஒரு பொட்டலம் அனுப்பி, அதற்குள் 'ஐட்டம்ஸ்' என்ற பெயரில் பட்டியலை வைத்திருக்கும். நெட்வொர்க் டேபில் அந்த வேண்டுகோளைத் தொட்டு ரெஸ்பான்ஸைப் பாருங்கள்; என்ன வடிவில் வருகிறது என்று ஊகிக்கவே வேண்டாம்.

சர்வருக்கு இரண்டு முறை வேண்டுகோள் போகிறதா? டெவலப்மென்ட் நேரத்தில் பிழை கண்டுபிடிக்க உதவும் ரியாக்ட்டின் ஸ்ட்ரிக்ட்மோட் வேண்டுமென்றே எஃபெக்ட்டை இரண்டு முறை ஓட்டும். பில்டு செய்தால் ஒன்றுதான் போகும்.

அறிகுறி: சேவ் செய்தும் மாற்றம் தெரியவில்லை

விஎஸ் கோட் டேபில் ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் வெள்ளைப் புள்ளி இருந்தால் சேவ் ஆகவில்லை. ஆகியிருந்தால் முகவரியைப் பாருங்கள். முந்தைய சர்வர் நிற்காமல் இருந்தால் வீட் 5173-ஐ விட்டு 5174-க்குப் போய்விடும். நீங்கள் பழைய டேபையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

அறிகுறி: கோர்ஸ் (CORS) எரர்

ஒரு முகவரியில் திறந்த பக்கம் வேறு முகவரியின் தகவலைப் படிக்காமல் பிரவுசர் போடும் காவல் இது. நெறிமுறை, பெயர், போர்ட் மூன்றும் ஒத்தால்தான் அதற்கு ஒரே வீடு. லோக்கல்ஹோஸ்ட் 5173-உம் லோக்கல்ஹோஸ்ட் 5000-உம் வேறு வேறு வீடு. லோக்கல்ஹோஸ்டும் 127.0.0.1-உம்கூட அப்படித்தான். சர்வரைச் சோதிக்கும் போஸ்ட்மேனில் வேலை செய்கிறதே என்று குழம்ப வேண்டாம். அதில் இந்தக் காவல் கிடையாது.

அனுமதி சர்வர் பக்கம் கொடுக்க வேண்டும். எக்ஸ்பிரஸில் கோர்ஸ் பேக்கேஜை ரௌட்டுகளுக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால் பலன் இல்லை. ஃபெட்சில் 'நோ கோர்ஸ்' மோட் போடச் சொல்பவர்கள் உண்டு. எரர் மறையும், தகவலும் படிக்கக் கிடைக்காது. இன்னொன்றையும் பாருங்கள்: சர்வர் உள்ளே வெடித்து 500 அனுப்பும்போது அனுமதிக் குறிப்பு இல்லாமல் போனால், பிரவுசர் அதையும் கோர்ஸ் என்றே சொல்லும். எனவே சர்வர் ஓடும் டெர்மினலை முதலில் படியுங்கள்.

அறிகுறி: தமிழ் எழுத்து கோளாறு

ஆங்கில வீடியோக்கள் இதைத் தொடவே மாட்டா. நம் ஊர்க் கடைக்கோ மண்டிக்கோ பக்கம் செய்பவருக்கோ முதல் நாளே வரும்.

தமிழுக்குப் பதில் புள்ளியும் கொம்பும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வந்தால், ஹெட் பகுதியில் கேரக்டர் செட் யுடிஎஃப் 8 என்ற மெட்டா வரி இல்லை. டேட்டாபேஸிலிருந்து வெறும் கேள்விக்குறிகளாக வந்தால் சேமிக்கும்போதே எழுத்து அழிந்துவிட்டது. மைஎஸ்க்யூஎல் என்றால் டேபிளை யுடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றி, தகவலைத் திரும்ப உள்ளிட வேண்டும். டிடிபி சென்டரில் அடித்த உரையை ஒட்டினால் ஆங்கிலக் கிறுக்கலாக வருவது யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துரு. யூனிகோடுக்கு மாற்றியபின் ஒட்டுங்கள்.

நுட்பமான ஒன்று: தேடல் பெட்டியில் மல்கோவா என்று அடித்தால் பட்டியலில் கண்ணெதிரே இருக்கும் மல்கோவா கிடைக்காமல் போகலாம். 'கோ' என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் ஒன்றே, கணினிக்கு வேறு. பாமினியிலிருந்து மாற்றிய உரையில் இரண்டாவது வகை வரலாம். ஒப்பிடும் முன் இரண்டு பக்கமும் 'நார்மலைஸ்' ஃபங்ஷனில் என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் வடிவம்) கொடுத்து ஓட்டுங்கள்.

'கிருஷ்ணகிரி' என்ற சொல்லின் லெங்த் ஜாவாஸ்கிரிப்டில் 11. நாம் எண்ணினால் ஆறெழுத்து. பெயர்ப் பெட்டிக்குப் பத்தெழுத்து வரம்பு வைத்தால் ஊர்ப்பெயரே நுழையாது. சரியான எண்ணிக்கைக்கு 'இன்ட்டெல் செக்மென்டர்' இருக்கிறது. அகரவரிசைக்கு வெறும் 'சார்ட்' போதாது. அது ழகரத்தை வகரத்துக்கு முன் வைக்கும். 'லோக்கேல் கம்பேர்' ஃபங்ஷனுக்கு இரண்டாவதாக 'டிஏ' என்ற மொழிக்குறியைக் கொடுத்தால் நம் வரிசை வரும். வரி உயரம் 1.6 வையுங்கள், உகரச் சுழி வெட்டுப்படாது.

அறிகுறி: லேப்டாப்பில் ஓடுகிறது, இணையத்தில் ஏற்றியபின் ஓடவில்லை

படமோ காம்பொனென்டோ காணவில்லை என்றால் பெரிய எழுத்து சின்ன எழுத்தைச் சரிபாருங்கள். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும், ஏற்றும் இடமான லினக்ஸ் கொள்ளாது. பெயரை மாற்றினாலும் விண்டோஸில் கிட் கவனிக்காமல் விட்டுவிடும். 'கிட் எம்வி' மூலம் மாற்றுங்கள்.

கிட்ஹப் பேஜஸில் வெள்ளைப் பக்கம் என்றால் வீட் கான்ஃபிக்கில் 'பேஸ்' இடத்தில் இரு பக்கமும் சாய்கோடிட்டு ரெப்போ பெயரைக் கொடுக்கவில்லை. உள்பக்கத்தில் ரிஃப்ரெஷ் செய்தால் 404 என்றால், இண்டெக்ஸ் ஃபைலின் நகலை 404 என்ற பெயரில் அதே இடத்தில் வையுங்கள், அல்லது ஹேஷ்ரௌட்டருக்கு மாறுங்கள். ஏற்றும் முன் 'என்பிஎம் ரன் பில்டு', பிறகு 'என்பிஎம் ரன் ப்ரிவியூ' கொடுத்து 4173-இல் பாருங்கள். பாதிப் பிழை வீட்டிலேயே தெரிந்துவிடும்.

போனில் எழுத்து எறும்பு மாதிரி இருந்தால் வியூபோர்ட் மெட்டா வரி இல்லை. போன் பக்கத்தை 980 பிக்சல் அகலமாக நினைத்துச் சுருக்குகிறது.

என்வ் ஃபைலில் வீட் என்று தொடங்கும் மாறி எல்லாம் பில்டுக்குள் போய்விடும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ரகசியச் சாவியை அதில் வைக்காதீர்கள். தவறி கிட்ஹப்பில் ஏறிவிட்டால் ஃபைலை அழிப்பதால் பயனில்லை, பழைய கமிட்டில் இருக்கும். முதலில் சாவியை ரத்து செய்யுங்கள்.

அறிகுறி: லேப்டாப் திணறுகிறது

4 ஜிபி ராம் என்றால் டாக்கர் டெஸ்க்டாப்பும் ஆண்ட்ராய்டு எமுலேட்டரும் வேண்டாம். குரோமில் இரண்டு டேப், தேவையில்லாத எக்ஸ்டென்ஷனை நிறுத்திய விஎஸ் கோட், ஒரு வீட் சர்வர்: இது ஓடும். வீடியோவைப் போனில் பாருங்கள்.

அறிகுறி: பார்க்கும்போது புரிகிறது, காலி ஃபைலைத் திறந்தால் கை ஓடவில்லை

இதற்கு டெர்மினலில் தீர்வு இல்லை, ஆனால் முறை உண்டு. வீடியோவில் ஒரு பகுதி முடிந்ததும் மூடிவிட்டு, காலி ஃபைலில் அதையே எழுதுங்கள். இருபது நிமிடம் சிக்கினால் சிக்கிய அந்த ஒரு வரிக்கு மட்டும் திரும்பப் பாருங்கள். மறுநாள் அதையே மாற்றிச் செய்யுங்கள்: மாங்காய் விலைக்குப் பதில் ராயக்கோட்டைத் தக்காளி வரத்து, கிலோவுக்குப் பதில் கூடை. ஏஐ எழுதிக் கொடுத்த கோடுக்கும் இதே விதி. வரிக்கு வரி என்ன செய்கிறது என்று தமிழில் எழுதிப் பாருங்கள். எழுத வராத வரி உங்களுக்குப் புரியாத வரி.

யாரிடமாவது உதவி கேட்பதென்றால் திரையைப் போனில் படம் எடுத்து அனுப்பாதீர்கள். நான்கு விஷயத்தை எழுத்தாக அனுப்புங்கள்: முதல் சிவப்பு வரி, நோட் பதிப்பு எண், பேக்கேஜ் ஜேசன் ஃபைல், கடைசியாக எதை மாற்றினீர்கள். பிழை வர அவசியமில்லாத கோட் வரிகளை ஒவ்வொன்றாக நீக்கி, இருபது முப்பது வரிக்குள் அதே பிழை வருமாறு செய்துவிட்டு அனுப்புங்கள். நீக்கிக்கொண்டே வரும்போது பாதி வழியில் பிழை மறைந்தால், கடைசியாக நீக்கிய துண்டில்தான் அது இருந்தது.